ஊர் தாண்டிய பாட்டும் ஊர் தாண்டாத காதும்

எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பால்கன் நாடுகளின் நடன மெட்டுகளை ஓடவிட்டு, நடுவில் தாளத்தை வேண்டுமென்றே குலைத்துப் போடுவது. யாருக்கு அது தட்டுப்படுகிறது என்று பார்ப்பது. சம அளவில் நடக்கும் தாளத்தில் பிசகு விழுந்தால் வட அமெரிக்கப் பெரியவர்கள் கண்டுகொண்டார்கள். குட்டையும் நெட்டையுமாக அடி விழும் பால்கன் தாளத்தில் விழுந்த பிசகு அவர்கள் காதில் ஏறவில்லை. பல்கேரியாவிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் குடியேறியவர்களுக்கு இரண்டும் தெரிந்தன. வேடிக்கை குழந்தைகளிடம்தான் இருந்தது. பால்கன் இசையே கேட்டிராத வீட்டின் ஆறு மாதக் குழந்தைகளுக்கு இரண்டு பிசகுமே தெரிந்தன. ஒரு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டாவது பிசகு தெரியாமல் போயிருந்தது. அந்த வயதுக் குழந்தைகளின் வீட்டில் இரண்டு வாரம் தினமும் கொஞ்ச நேரம் பால்கன் இசையை ஓடவிட்டதும் போனது திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு அதே வைத்தியம் பெரிதாகப் பலிக்கவில்லை.

வேறொரு மொழியின் நாட்டுப்பாடலை வாசிக்கக் கற்பவருக்கு வரும் சங்கடத்தின் வேர் இதில் இருக்கிறது. விரல் வளையவில்லை, கருவி கிடைக்கவில்லை, ஆசிரியர் இல்லை என்றெல்லாம் நாம் காரணம் சொல்வோம். அவை தீரக்கூடியவை. நம் காது ஒரு வயதுக்குள் ஏதோ ஒரு ஊரில் குடியேறிவிடுகிறது. அதன் பிறகு எந்த ஊர்ப் பாட்டைக் கேட்டாலும் தன் ஊர்ப் பாட்டாக மாற்றித்தான் கேட்கிறது. கற்பவர் செய்யும் பிழைகளைக் கூர்ந்து பார்த்தால் அவை கண்டபடி வருபவை அல்ல என்பது தெரியும். ஒவ்வொரு பிழையிலும் அவருடைய ஊரின் முகவரி இருக்கும்.

இதற்குப் பெரிய சாட்சி ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக். ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா கிராமங்களில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிந்து ஆயிரக்கணக்கில் பாட்டுச் சேகரித்தவர். அவரைவிடக் கூரிய காது அந்தக் காலத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. பல்கேரியத் தாளங்களைப் பற்றி அந்நாட்டு அறிஞர்கள் டோப்ரி ஹ்ரிஸ்தோவ் 1913-இலும் வாசில் ஸ்டோயின் 1927-இலும் எழுதியிருந்தார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று போகும் அந்தக் கணக்குகளை முதலில் பார்த்தபோது, இப்படியும் மனிதர்கள் பாடுவார்களா என்று பார்டோக்குக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு தாம் முன்பு பதிவு செய்த ருமேனியப் பாட்டுகளை மறுபடி போட்டுக் கேட்டார். அவற்றிலும் அதே தாளங்கள் இருந்தன. தம் கையாலேயே அவற்றைச் சம அளவாகத் திருத்தி எழுதி வைத்திருந்தார்! உட்கார்ந்து மறுபடி எழுதினார். 1938-இல் இந்தத் தாளம் பற்றி விரிவுரை நிகழ்த்தி இதை மறைக்காமல் சொன்னார். பியானோ மாணவர்களுக்காக அவர் எழுதிய ‘மிக்ரோகாஸ்மாஸ்’ தொகுப்பின் கடைசி ஆறு துண்டுகள் பல்கேரியத் தாள நடனங்களாக அமைந்ததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு சிறு கர்வம் வரலாம். ஏழு நமக்கு எட்டாக்கனியா? மிஸ்ர சாபு என்று ஒன்று வைத்திருக்கிறோமே! உண்மைதான். மாசிடோனியாவின் ‘லெஸ்னோதோ’ நடனம் 3+2+2. மிஸ்ர சாபுவைக் கைப்பழக்கமாகப் போட்டவருக்கு அது பழகிய தெரு. ‘பைதுஷ்கோ’ 2+3; கண்ட சாபு. ஆனால் பல்கேரியாவின் புகழ்பெற்ற ‘ரச்செனித்ஸா’ 2+2+3. தகிட தகதிமி என்று பழகிய வாய்க்கு அதைத் தகதிமி தகிட என்று திருப்பிப் போடுவது காகிதத்தில் எளிது. நான் மேசையில் தட்டிப் பார்த்த அனுபவம் வேறு. நாலு சுற்று ஒழுங்காகப் போகும். ஐந்தாவது சுற்றில் எனக்கே தெரியாமல் முதல் அடி இடம் மாறி, தாளம் வீட்டுக்கு வந்து மிஸ்ர சாபுவாக உட்கார்ந்துகொள்ளும்.

அதைவிட நுட்பமான சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. பார்டோக் கணக்கிட்டபடி இந்தத் தாளங்களின் சிறு அலகு நிமிடத்துக்கு 300-க்கும் மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஆடுகிறவர் எவரும் ஏழு எண்ணுவதில்லை. அவருக்கு இருப்பவை மூன்றே அடிகள்: குட்டை, குட்டை, நெட்டை. ‘கோபனித்ஸா’வில் பதினொன்று என்பது நோட்டுப் புத்தகத்தில்தான், காலுக்கு ஐந்து அடி, நடு அடி நீளம். நெட்டைக்கும் குட்டைக்கும் உள்ள விகிதம் எப்போதும் அச்சாக மூன்றுக்கு இரண்டாக இருப்பதும் இல்லை. வாசிப்பவரையும் வேகத்தையும் பொறுத்து நெகிழும். ஆகவே கொன்னக்கோல் தெரிந்தவர் கதவு வரை சீக்கிரம் போய்விடுவார். உள்ளே நுழைய எண்ணிக்கையை விட்டுவிட்டுக் காலைத் தூக்க வேண்டும். ரச்செனித்ஸா கையில் கைக்குட்டையோடு கல்யாணங்களில் ஆடுவது. நடனம் கற்றுவிட்டுக் கருவிக்கு வந்தவர்கள் தாளத்தில் தடுமாறுவது குறைவு என்பது அங்கே போய்க் கற்றவர்களின் பொது அனுபவம்.

காலுக்கு அடுத்தது நாக்கு. ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். அதனால் அந்த மொழியின் பாட்டுகள் தாளத்தின் முதல் அடியிலேயே எழும். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அழுத்தமில்லாத ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மெட்டுகள் அடிக்கு முன்பே எடுப்பாகத் தொடங்குவது சகஜம். ஹங்கேரியப் பள்ளிகளில் பிள்ளைகள் ஜெர்மன் வார்ப்பில் பாடிப் பழகுவதைப் பார்த்து இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் வருந்தியதற்கு இது ஒரு காரணம்.

வார்த்தையே இல்லாத ஓசையிலும் மொழி புகுந்துவிடுகிறது. குட்டை ஓசையும் நெட்டை ஓசையும் மாறி மாறி வரும்படி செய்து, அவற்றை எப்படி இணைத்துக் கேட்கிறீர்கள் என்று 2008-இல் ஐவர்சென், பட்டேல், ஓகுஷி ஆகியோர் கேட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலம் பேசுவோர் குட்டை-நெட்டை என்று சேர்த்தார்கள். ஜப்பானியர் பலருக்கு அது நெட்டை-குட்டை. ஆங்கிலத்தில் சிறு சொற்கள் பெயருக்கு முன்னால் நிற்கும். ஜப்பானிய மொழியில் பின்னால் நிற்கும் என்பதை அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். வேற்றுமை உருபைப் பின்னால் ஒட்டும் தமிழ்க் காது எந்தப் பக்கம் சாயும் என்று நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சொல் மெட்டை ஆள்வதற்கு மிகத் தெளிவான உதாரணம் அயர்லாந்து. கான்னமாரா போன்ற பகுதிகளில் ‘ஷான் நோஸ்’ என்ற பழம்பாணிப் பாட்டு இருக்கிறது. பக்கவாத்தியம் கிடையாது, நிலையான தாளமும் கிடையாது. ஐரிஷ் மொழியில் ஒருவரைப் பாடக் கூப்பிடும்போது ‘ஒரு பாட்டுச் சொல்லு’ என்பார்கள். நம் நெல்லைச் சீமையில் ‘ஒரு பாட்டுப் படி’ என்பதுபோல. அங்கே பாட்டு நெருங்கி நிற்பது பேச்சோடு. இந்தப் பாட்டுகளைக் குழலிலோ ஃபிடிலிலோ வாசிக்கும்போது அவற்றை மந்தகதி மெட்டுகள் என்கிறார்கள். எங்கே நிறுத்துவது, எந்தச் சுரத்தை இழுப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்பதற்கு நோட்டேஷனில் பதில் இல்லை. பாட்டின் அடிகளில் இருக்கிறது. வார்த்தை தெரியாமல் இந்த மெட்டை வாசிக்காதே என்று அயர்லாந்து ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். வாயைத் திறக்கப் போகாத குழல்காரருக்கும் அதே விதி. கார்னா ஊரின் பாடகர் ஜோ ஹீனி கடைசிக் காலத்தில் அமெரிக்காவில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாட்டுகளைக் கற்பித்தார், 1984-இல் இறந்தார். பாட்டுக்கு முன்னால் அதன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவார். கதை அவருக்கு முன்னுரை அல்ல, பாட்டின் பாதி.

இனி விரலுக்கு வரலாம். பல்கேரியாவின் ‘காய்தா’ ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி அக்குளில் இடுக்கி வாசிக்கும் பைக்குழல். ஒரு குழல் விடாமல் சுருதி பிடிக்கும், இன்னொன்று பாடும். பையிலிருந்து காற்று வந்துகொண்டே இருப்பதால் ஓசையை நாக்கால் வெட்ட முடியாது. ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால் இடையில் வேறொரு சுரத்தை மின்னல்போல் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். போதாதற்கு மேலே ஒரு பொடித் துளை உண்டு. இடக்கை ஆள்காட்டி விரல் அதைத் திறந்தால் கீழே பிடித்திருக்கும் சுரம் அரைச் சுரம் ஏறிக்கொள்ளும். திமத்தி ரைஸ் என்ற அமெரிக்கர் இந்தக் கருவியைக் கற்கப் போனார். பால்கன் நடனம் ஆடிப் பழகியவர் என்பதால் தாளம் வசப்பட்டுவிட்டது; மெட்டும் வந்துவிட்டது. சுரங்களுக்கு நடுவே நிறைந்திருக்கும் அந்த மின்னல் அசைவுகள் மட்டும் வரவே இல்லை. எத்தனையோ ஒலிப்பதிவுகளை மெதுவாக ஓடவிட்டு எழுதிப் பார்த்தும் பயனில்லை.

அவருடைய ஆசிரியர் கோஸ்தாதின் வரிமேசோவ். ஸ்ட்ராஞ்சா மலைப் பகுதியின் ஒரு கிராமத்தில் ஆடு மாடுகளோடு வளர்ந்து, பின்பு சோஃபியா வானொலியின் குழுவில் வாசித்தவர். மாணவர் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில்: உனக்குக் காய்தாக்காரன் விரல் வரவில்லை. இதை என்னவென்று பயிற்சி செய்வது? ரைஸின் 1994-ஆம் ஆண்டு நூலில் மிகச் சுவையான பகுதி இந்தப் புதிர் அவிழும் கதைதான். மெட்டு ஒரு பக்கம், அதன் மேல் தூவிய நகாசு இன்னொரு பக்கம் என்று ரைஸ் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மேற்கத்திய நோட்டேஷன் அவருக்கு அப்படித்தான் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தது: பெரிய எழுத்தில் சுரம், பொடி எழுத்தில் அலங்காரம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு விரல் எப்படிப் போகிறது என்பதிலேயே நகாசு அடங்கியிருக்கிறது என்று பிடிபட்ட பிறகுதான் கை ஓடத் தொடங்கியது. கமகம் இல்லாத சுரத்துக்குத் தோடியில் இடமில்லை என்று அறிந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் அவரவர் இசையில் அறிந்ததை அடுத்தவர் இசையில் அறிவது தனி வேலை.

இந்த வகைக் கற்றலுக்கு ஒரு பெயரும் வரலாறும் உண்டு. இசை ஆய்வாளர் மேண்டில் ஹுட் 1960-இல் ‘இருமொழித் திறன்’ என்பதைப் பார்த்து ‘இரு இசைத் திறன்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு சமூகத்தின் இசையை ஆராய்பவர் அதை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டிய முன்மாதிரி, ககாகு என்ற பழைய அரண்மனை இசையையும் மேற்கத்திய இசையையும் ஒருசேரக் கற்ற ஜப்பானிய அரண்மனைக் கலைஞர்கள். நமக்குத் தெரிந்த மாதிரி ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்ற, கர்நாடக இசை பாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ். அவருக்கும் ரைஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கர்நாடக இசைக்கு சரளி வரிசையில் தொடங்கும் ஏணி உண்டு. எந்த ஊரிலிருந்து வந்தாலும் முதல் படியில் காலை வைக்கலாம். நாட்டுப்பாட்டுக்கு அந்த ஏணி கிடையாது. வரிமேசோவின் கிராமத்தில் எவரும் எவருக்கும் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் பெரியவர்களின் பக்கத்தில் இருந்தார்கள், கேட்டார்கள், திருட்டுத்தனமாக எடுத்து ஊதிப் பார்த்தார்கள். ஒரு நாள் வந்துவிட்டது. கற்பிக்கப்படாத ஒன்றைக் கற்பிக்கச் சொல்லி வெளியூர்க்காரர் வந்து நிற்கும்போது ஆசிரியருக்கும் வார்த்தை இல்லை.

அந்த இடத்தை ஒலிப்பதிவும் நோட்டேஷனும் நிரப்ப வருகின்றன. இசை ஆய்வாளர் சார்ல்ஸ் சீகர் 1958-இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: எப்படி வாசிக்க வேண்டும் என்று பணிக்கும் எழுத்து ஒன்று, எப்படி ஒலித்தது என்று விவரிக்கும் எழுத்து வேறு. முதலாவது அந்த இசையை முன்பே கேட்டவருக்கு நினைவூட்டுவதற்காக எழுதப்படுவது. கேட்டறியாதவர் கையில் அது கிடைத்தால், விடுபட்டதையெல்லாம் தன் ஊர்ச் சரக்கால் நிரப்பிக்கொள்வார். ஒலிப்பதிவிலும் ஒரு கண்ணி இருக்கிறது: எந்தப் பதிவு? மார்செல் செலியே 1975-இல் வெளியிட்டு, 1986-இல் பிரிட்டனில் மறுபடி வந்து உலகப் புகழ் பெற்ற பல்கேரியப் பெண் குரல்களின் இசைத்தட்டைப் பழமையான கிராமத்துப் பாட்டு என்றே பலர் நம்பினார்கள். அவற்றில் பல, பிலிப் கூதெவ் 1951-இல் அமைத்த அரசுக் குழுவின் வழியில் பயிற்சி பெற்ற இசையமைப்பாளர்கள் கோர்த்த பன்குரல் ஆக்கங்கள். கேட்க அற்புதமானவை, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சோஃபியாவைச் சுற்றியுள்ள ஷோப் பகுதிக் கிழவிகள் இரண்டு குரலில் நெருக்கமான சுரங்களை உரசவிட்டுப் பாடுவது வேறு. வெளியார் காதுக்கு அபசுரமாகப் படும் அந்த உரசல், பாடுவோர் சொல்கிறபடி மணி ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும். இசைத்தட்டை வைத்துக் கற்றவர் அதைச் சரிசெய்து இனிமையாக்கிவிடுவார். சுருதி விஷயத்திலும் இதே கதை: துருக்கியின் பாக்லாமா என்ற தந்திக் கருவியில் சுரக்கட்டைகள் (ஃப்ரெட்) கட்டப்பட்டவை, நகர்த்தலாம், இடைச்சுரம் பிடிக்கலாம், கீபோர்டில் வாசித்தால் அந்த இடைச்சுரங்கள் பக்கத்து வீட்டுக்குள் விழுந்துவிடும்.

காது தவறாகக் கேட்டதன் விளைவு இசையோடு நிற்காத இடங்களும் உண்டு. சாலமன் லிண்டா என்ற ஜூலூ பாடகர் 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். சிங்கம் என்று பொருள். பத்தாண்டுக்குப் பின் அந்த இசைத்தட்டு நியூயார்க்கில் நாட்டுப்பாடகர் பீட் சீகர் கைக்குப் போனது. அவர் கேட்டுக் கேட்டு எழுதியெடுத்தார். ‘உயிம்பூபே’ என்ற சொல் அவர் காதில் ‘விமொவே’ என்று விழுந்தது. அந்தப் பொருளற்ற சொல்லோடு அவருடைய வீவர்ஸ் குழு பாடியது. 1961-இல் ஆங்கில வரிகள் ஏறி உலகமெங்கும் ஓடியது. ஒரு தனி மனிதர் ஆக்கிய பாட்டு வழியில் எங்கோ ‘ஆப்பிரிக்க நாட்டுப்பாடல்’ ஆகிவிட்டது. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு ஓர் உடன்படிக்கை கிடைக்க 2006 ஆனது. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ‘எல் கோண்டோர் பாசா’வைப் பாரிசில் ஒரு குழு வாசிக்கக் கேட்டு, ஆண்டிய மலை மக்களின் பழைய மெட்டு என்று எண்ணி 1970-இல் வெளியிட்டார். அது பெரு நாட்டின் தானியேல் அலோமியா ரோப்லெஸ் 1913-இல் ஒரு மேடை நாடகத்துக்கு அமைத்தது. மகன் வழக்குப் போட்டார், சுமுகமாகத் தீர்ந்தது. சாலமன் தீவுகளின் மலாய்தாவில் 1970-இல் இசை ஆய்வாளர் ஹ்யூகோ செம்ப், அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டைப் பதிந்தார். தாய் தந்தையை இழந்த பிள்ளையைத் தேற்றும் பாட்டு. 1992-இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் அந்தக் குரலைத் தங்கள் நடன இசையில் சேர்த்தார்கள். அதைக் கேட்டு நார்வேயின் சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பரெக் 1996-இல் அதே மெட்டை வாசித்து, ‘பிக்மி தாலாட்டு’ என்று பெயரிட்டார். பசிபிக் தீவு ஒன்றின் பாட்டு மத்திய ஆப்பிரிக்கக் காட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மெட்டு மட்டும் சுரம் பிசகாமல் இருந்தது.

நாட்டுப்பாடல் யாருடையது என்ற கேள்வியைப் பலர் உரிமைத்தொகையோடு முடித்துவிடுகிறார்கள். கருவியைத் தொடுவதன் பொருள் ஆளுக்கு ஆள் மாறும் என்பது அதைவிடக் கடினமான விஷயம். நம்மூர்ப் பறையே போதும் இதற்கு. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் தமிழ்நாட்டில் பறை கற்றார். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவோடு பழகி, 2011-இல் ஆவணப்படமும் எடுத்தார். பறையைத் தோளில் மாட்டுவதால் அவருக்கு எந்தத் தெருவும் மூடவில்லை. அதே பறை இழிதொழிலாகச் சுமத்தப்பட்டு, சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போயே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பங்களில், வாசிக்க மாட்டேன் என்று கீழே வைத்ததே போராட்டமாக இருந்திருக்கிறது. பிறகு விடுதலைக் கருவியாக மறுபடி எடுத்ததும் போராட்டம்தான். ஷெரினியனின் படம் இந்தச் சிக்கலைத் தவிர்த்துவிட்டுப் போகவில்லை. வெறும் அடிகளை மட்டும் காணொளியில் பார்த்துப் பொறுக்கிக்கொள்பவருக்கு, தம் கையில் இருப்பதில் எது விடுபட்டது என்பதே தெரியாது.

இவ்வளவு தடையையும் வரிசையாக வைத்துவிட்டு, பால் பேனாவைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். கண் பார்வை இல்லாதவர். சான் பிரான்சிஸ்கோவில் ப்ளூஸ் பாடியவர். 1984 டிசம்பரில் ஓர் இரவு கொரிய மொழிப் பாடம் தேடிச் சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். மாஸ்கோ வானொலியில் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு சுரம் ஒருசேர வந்தது. ரஷ்யாவின் துவா பகுதித் தொண்டைப் பாட்டு. எங்கே கிடைக்கும் என்று கேட்டு அலைந்து ஒரு குறுந்தட்டை வாங்க ஏழாண்டுக்கு மேல் பிடித்தது. அதைப் போட்டுப் போட்டுத் தொண்டையை வசப்படுத்தினார். பாட்டின் சொல் தெரிய வேண்டுமே. துவா மொழிக்கு ஆங்கில அகராதி கிடைக்கவில்லை. துவா-ரஷ்ய அகராதி ஒன்று, ரஷ்ய-ஆங்கில அகராதி ஒன்று. அச்செழுத்தை விரல்நுனியில் அதிர்வாக மாற்றும் கருவியால் எழுத்தெழுத்தாகத் தடவி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்.

துவாவின் பாடகர் கோங்கர்-ஓல் ஒந்தார் 1993-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தபோது, நிகழ்ச்சி முடிந்த கையோடு பேனா அவருக்கு முன்னால் நின்று பாடிக் காட்டினார். ஒந்தார் அவரைத் தம் ஊருக்கு அழைத்தார். 1995-இல் தலைநகர் கிசிலில் நடந்த போட்டியில், கற்கிரா என்ற ஆழ்ந்த தொண்டைப் பாணியில் பேனாவுக்கு முதலிடம். அங்குள்ளவர்கள் அவருக்கு ‘செர் ஷிம்ஜெர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பூகம்பம் என்று பொருள். ‘செங்கிஸ் ப்ளூஸ்’ என்ற 1999-ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அந்தப் பயணத்தைப் பார்க்கலாம். துவா சொற்களைத் துவாக்காரர் தொண்டையில் பாடும்போதே, மடியில் இருக்கும் கிட்டாரில் அவர் விரல் பழைய ப்ளூஸை வாசித்துக்கொண்டிருக்கும்.